வாரத்துக்குப் பதினைந்து பவுண்டு

அந்தப் பெண் உருளைக்கிழங்குப் பையை எடுத்து மேசைமேல் திரும்ப வைத்தார். பாஸ்தா பாக்கெட்டையும் வைத்தார். ரொட்டி, டப்பாவில் அடைத்த பீன்ஸ், பிஸ்கட், பால் எல்லாம் ஏற்கெனவே பைக்குள் போய்விட்டன. "இது வேக நேரம் பிடிக்கும்" என்றார். எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற மூத்த தன்னார்வலர் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போய் வேறொரு பையை எடுத்துவந்தார். கப் நூடுல்ஸ், பொடி சூப், ஓட்ஸ். வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற சாமான்கள். அதற்கு அங்கே 'கெட்டில் பை' என்று பெயர்.

அவர் போன பிறகுதான் எனக்கு விளக்கினார்கள். முன்பணம் கட்டி ஓட்டும் மின் மீட்டர் உள்ள வீடு. தெருமுனைக் கடையில் பணம் கொடுத்து ஏற்றிக்கொள்ள வேண்டும். தீர்ந்தால் விளக்கு அணையும். உருளைக்கிழங்கு வேக இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்கும் அவர் கணக்குப் பார்த்து வைத்திருந்தார்.

இது நடந்தது 2020 நவம்பர் கடைசியில், தெற்கு மான்செஸ்டரில், ஒரு தேவாலயத்தின் பின்கூடத்தில், இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சாமான் கொடுக்கும் உணவு வங்கியில். முகக்கவசத்துக்குள் பேசுகிற பேச்சு பாதிதான் காதில் விழும் காலம். அங்கே சனிக்கிழமைதோறும் நான் போய் நின்றதற்குக் காரணம் ஒரு கால்பந்து ஆட்டக்காரர். எனக்குக் கால்பந்து தெரியாது. ஆஃப்சைடு எது என்று என் மகள் பலமுறை விளக்கிவிட்டாள், இன்னும் பிடிபடவில்லை. கோவில்பட்டிப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு ஒன்று ஹாக்கி, இல்லாவிட்டால் கிரிக்கெட். ஆனாலும் மார்கஸ் ராஷ்ஃபோர்டு என்ற பெயர் தெரியாமல் அந்த ஆண்டு இந்த ஊரில் யாரும் இருந்திருக்க முடியாது.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ஐந்து வருடமாக நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். பணக்கார விளையாட்டு வீரர்கள் அறக்கட்டளை தொடங்குவதும், குழந்தைகளோடு நின்று படம் எடுத்துக்கொள்வதும் புதிதல்ல. கிளப்பின் விளம்பரத் துறையே பெரும்பாலும் அதை ஏற்பாடு செய்துவிடும். ராஷ்ஃபோர்டு செய்தது அந்த வரிசையில் சேராது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஏன் என்று சொல்லத்தான் நாளாயிற்று.

2020 ஜனவரி நடுவில் நடந்த ஆட்டத்தில் அவருடைய முதுகெலும்பில் அடிபட்டது. ஓடக்கூடாது, ஓய்வெடு என்றார்கள். அப்போது அவருக்கு வயது 22. மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகள் மூடப்பட்டன. செய்தியைக் கேட்டதும் பலர் பாடம் என்ன ஆகும், தேர்வு என்ன ஆகும் என்று கவலைப்பட்டார்கள். அவருக்கு முதலில் தோன்றியது மதியச் சாப்பாடு. பள்ளி மூடினால் அந்தத் தட்டும் மூடிவிடும் என்பது அதிலிருந்து சாப்பிட்டவருக்குத் தெரியும். கடைகளிலும் ஆலைகளிலும் மிஞ்சுகிற உணவைத் திரட்டி தொண்டு நிறுவனங்களுக்குப் பிரித்தனுப்பும் 'ஃபேர்ஷேர்' என்ற அமைப்போடு சேர்ந்தார். ஜூன் மாதத்துக்குள் ஏறத்தாழ 2 கோடி பவுண்டு திரண்டது. பெரிய பல்பொருள் அங்காடிகள் தொடங்கி யாரென்றே தெரியாத ஆட்கள் வரை கொடுத்த பணம்.

வேறு யாராயிருந்தாலும் இங்கே கதை சுபமாக முடிந்திருக்கும். ஒரு விருது, ஒரு பேட்டி, ஒரு படம். அவரோ இரண்டு கோடி திரட்டியும் போதாது என்று கணக்குப் போட்டார்.

கணக்கு இதுதான். இங்கிலாந்தில் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு இலவசம். பள்ளி மூடியிருந்தபோது அதற்குப் பதிலாக ஒரு பிள்ளைக்கு வாரம் 15 பவுண்டு கூப்பன் கொடுத்தார்கள். கோடை விடுமுறை ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் கூப்பன் கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. விடுமுறையில் பள்ளிச் சாப்பாடு எப்போதும் இல்லைதானே என்பது வாதம். சட்டப்படி சரி. கோப்பில் விடுமுறை என்று எழுதியிருந்தால் வயிறும் விடுப்பு எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கிற அதிகாரிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

2020 ஜூன் 15 அன்று ராஷ்ஃபோர்டு எல்லா எம்.பி.க்களுக்கும் ஒரு திறந்த மடல் எழுதினார். அதை அன்றே படித்தேன், பிறகும் சில முறை படித்திருக்கிறேன். அதில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. தன் தாய் முழுநேரம் வேலை செய்தார், குறைந்தபட்சக் கூலி வாங்கினார், அது போதவில்லை; எவ்வளவு உழைத்தாலும் தங்களைப் போன்ற குடும்பங்கள் முன்னேறும்படி இந்த அமைப்பு கட்டப்படவில்லை என்று எழுதியிருந்தார். காலையுணவு மன்றம், பள்ளியின் இலவச மதிய உணவு, அண்டை வீட்டாரும் பயிற்சியாளர்களும் காட்டிய பரிவு ஆகியவற்றை நம்பித்தான் வளர்ந்தோம் என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் விருந்துச் சாப்பாடு வாங்க நார்தன் மூருக்குப் போனது நன்றாக நினைவிருக்கிறது என்ற வரியும் அதில் உண்டு.

நார்தன் மூர் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். டிராம் நிறுத்தத்தைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை. அந்தப் பெயரை நாடாளுமன்றத்துக்கு எழுதிய கடிதத்தில் பார்த்தபோது சற்றுத் திகைத்தேன். வறுமை என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் எவரும் இப்படி இடத்தின் பெயரைச் சொல்வதில்லை. வரிசையில் நின்றவனுக்குத்தான் வரிசை எந்தத் தெருவில் நின்றது என்று நினைவிருக்கும்.

மறுநாள் காலையில் ட்விட்டரில் எழுத ஆரம்பித்தார். தேநீருக்கு கெட்டிலைப் போடும்போது மின்கட்டணம் கட்ட முடியாத பெற்றோரை நினையுங்கள். பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போது வெறும் தட்டுகளைப் பார்த்து விழிக்கும் வீடுகளை நினையுங்கள். குளிக்கும்போது தண்ணீர் துண்டிக்கப்பட்டவர்களை நினையுங்கள் என்று. அதற்கு ஒரு மூத்த அமைச்சர் பதில் போட்டார்: தண்ணீர் இணைப்பைத் துண்டிக்க முடியாது. அவ்வளவுதான் பதில். பசி பற்றிய பேச்சுக்கு நடுவே தண்ணீர்க் குழாய் சட்டம். அன்று பிற்பகலிலேயே அரசு பின்வாங்கியது. 12 கோடி பவுண்டு ஒதுக்கீடு, 13 லட்சம் பிள்ளைகள், வாரம் 15 பவுண்டு, ஆறு வாரம். முதுகுக் காயத்திலிருந்து தேறிவந்த ஓர் ஆட்டக்காரர் ஒன்றரை நாளில் செய்த காரியம்.

அந்த 15 பவுண்டைப் பற்றி என் அம்மாவிடம் போனில் சொன்னேன். என் அம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் 'சத்துணவு டீச்சர்'. காலையில் வகுப்பு வகுப்பாகத் தலை எண்ணி, பிள்ளைக்கு நூறு கிராம் என்று அரிசி அளந்து, சமையலரிடம் ஒப்படைத்து, பதிவேட்டில் எழுதி முடிப்பதற்குள் மணி பத்தாகிவிடும். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்வி: "சாப்பிட வருகிற பிள்ளையிடம் அப்பா என்ன சம்பாதிக்கிறார் என்று கேட்பார்களா?"

கேட்பார்கள். இங்கிலாந்தில் முதல் மூன்று வகுப்புகளுக்கு 2014 முதல் எல்லோருக்கும் இலவசம். அதற்கு மேல் என்றால் வருமானம் பார்ப்பார்கள். அரசு உதவித்தொகை பெறுகிற குடும்பமாக இருந்தாலும், வேலையிலிருந்து வரும் வருமானம் வரி போக ஆண்டுக்கு 7,400 பவுண்டைத் தாண்டினால் கிடையாது என்பது அன்றைய விதி. ஒரு மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்து அந்தக் கோட்டைத் தாண்டினால், கூடுதலாக வந்ததைவிடச் சாப்பாட்டுக்கு அதிகம் போய்விடும். எங்கள் ஊர்ப் பள்ளியில் வருமானச் சான்றிதழ் யாரும் கேட்டதில்லை. சாப்பிடுகிறாயா, பெயரைக் கொடு.

அதற்காக எங்கள் ஊரைத் தூக்கி வைத்துப் பேசவும் மாட்டேன். தட்டு கொண்டுவருகிற பிள்ளை, டிபன் பாக்ஸ் கொண்டுவருகிற பிள்ளை என்று இரண்டு சாதி எங்கள் வகுப்பிலும் இருந்தது. நான் அமைப்பாளரின் மகன், தட்டுக்காரன். தட்டைப் பைக்குள் புத்தகங்களுக்கு நடுவே ஒளித்து வைப்பேன். ஓடினால் அது தாளம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அதனாலேயே பள்ளிக்கு மெதுவாக நடந்து போகிற பழக்கம் வந்தது. இங்கேயும் ஒரு காலத்தில் இலவசச் சாப்பாட்டுக்குத் தனி நிற டோக்கன் கொடுத்த பள்ளிகள் உண்டு என்று என் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அவர் நிறம்கூட மறக்கவில்லை.

இந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர், எழுபதைத் தாண்டியவர், மான்செஸ்டர் சிட்டியின் பரம ரசிகர். சிவப்பு நிறக் குப்பைத் தொட்டி கொடுத்தால்கூட வாங்க மாட்டார் என்று அவர் மனைவி சொல்வார். ராஷ்ஃபோர்டு ஆடியதோ எதிரணியான மான்செஸ்டர் யுனைடெட்டில். அதனால் அவர் அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டார். 'அந்தப் பையன்' என்பார். அந்தப் பையன் எங்கே வளர்ந்தான், அவன் அம்மா என்னென்ன வேலைக்குப் போனார் என்றெல்லாம் எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

ராஷ்ஃபோர்டு விதன்ஷாக்காரர். மான்செஸ்டரின் தெற்கு ஓரத்தில், விமான நிலையத்தை ஒட்டி, நெரிசலான நகரக் குடியிருப்புகளிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்து குடியேற்ற இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மாநகராட்சி கட்டத் தொடங்கிய பகுதி. வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள், நடுவே புல்வெளிகள். தாய் மெலனி மேனார்டுக்கு ஐந்து பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. தாய் ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்த்த காலமும் உண்டு. பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று அவர் சாப்பிடாமல் படுத்த இரவுகளைப் பற்றி மகன் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

ஐந்து வயதில் ஃப்ளெட்சர் மாஸ் ரேஞ்சர்ஸ் என்ற உள்ளூர்ச் சிறுவர் அணியில் சேர்ந்தார். வெஸ் பிரவுன், டேனி வெல்பெக் போன்ற இங்கிலாந்து வீரர்கள் வந்த அதே அணி. பெற்றோர்களும் தன்னார்வலர்களும் நடத்துவது. ஏழு வயதில் யுனைடெட்டின் சிறுவர் பயிற்சிக்குப் போனார். தாய் வேலையில் இருப்பார், கூட்டிப்போக ஆளில்லை. பயிற்சியாளர்கள் வீட்டுக்கு வந்து காரில் ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கிளப்பின் ஏற்பாட்டில் வேறு வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போட்டுப் பயிற்சி தரும் திட்டம் ஒன்று உண்டு. வயது வரட்டும் என்று காத்திருக்காமல் மகனை ஒரு வருடம் முன்னதாகவே சேர்த்துக்கொள்ளும்படி தாய் கிளப்பை நெருக்கினார். பதினோரு வயதில் போனார். அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களிலேயே மிக இளையவர். திறமையை வளர்க்க அனுப்பினார் என்றுதான் வெளியே சொல்வார்கள். அங்கே மூன்று வேளையும் சாப்பாடு கிடைக்கும் என்பதும் அந்தத் தாயின் கணக்கில் இருந்திருக்கும். மளிகைக் கடையில் மீதத்தைச் சரிபார்ப்பதுபோல் வாழ்க்கையைக் கணக்குப் பார்க்கிற பெண்களுக்கு இது புரியும்.

2016 பிப்ரவரி 25 அன்று ஐரோப்பா லீக் ஆட்டம் ஒன்றுக்கு முன்பு, மைதானத்தில் கை கால்களைத் தளர்த்திக்கொண்டிருந்தபோதே முன்கள வீரர் ஒருவருக்கு அடிபட்டது. ஆளில்லாமல் பதினெட்டு வயது ராஷ்ஃபோர்டை இறக்கினார்கள். இரண்டு கோல். மூன்று நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராக மறுபடி இரண்டு. மே மாதம் இங்கிலாந்து அணிக்காக முதல் ஆட்டம். மூன்று நிமிடம் முடிவதற்குள் கோல். ஆட்டத்தைப் பற்றி எனக்கு இவ்வளவு போதும்.

அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது 2020 இலையுதிர்காலத்தில் நடந்தது. செப்டம்பரில் பெரிய உணவு நிறுவனங்களையும் அங்காடிகளையும் தொண்டு அமைப்புகளையும் ஒரே மேசைக்கு இழுத்துக் குழந்தைகளின் உணவு வறுமைக்கான செயற்குழு ஒன்றை அமைத்தார். மூன்று கோரிக்கைகள். அரசு உதவித்தொகை பெறும் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளிச் சாப்பாடு; விடுமுறையில் உணவும் விளையாட்டும் சேர்ந்த திட்டம்; கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கும் பாலும் பழமும் காய்கறியும் வாங்கத் தரும் வாராந்திரக் கூப்பனை 3.10 பவுண்டிலிருந்து 4.25 ஆக உயர்த்துவது. கூப்பனில் பவுண்டு, பென்ஸ் வரை போய்க் கேட்ட கால்பந்து வீரர் வேறு யாராவது இருக்கிறார்களா, தெரியவில்லை.

அக்டோபர் 21 அன்று விடுமுறைச் சாப்பாடு பற்றிய எதிர்க்கட்சித் தீர்மானம் காமன்ஸ் சபையில் 322க்கு 261 என்று தோற்றது. அன்று இரவு நானும் மனைவியும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுத்தோம். மறுநாள் விழித்துப் பார்த்தால் அவருடைய ட்விட்டர் பக்கம் ஒரு அறிவிப்புப் பலகையாக மாறியிருந்தது. ஏதோ ஒரு சிற்றூர்த் தேநீர்க் கடை, பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியம் இலவச சாண்ட்விச் என்று எழுதியிருக்கும். அதை எடுத்துப் போடுவார். அடுத்து ஒரு மீன் வறுவல் கடை. அடுத்து ஒரு இந்திய உணவகம். பிறகு ஒரு நகராட்சி. ஊரடங்கில் வியாபாரம் படுத்துக் கிடந்த கடைகள்தான் அத்தனையும். "கேள்வி கேட்க மாட்டோம், பின்வாசல் வழியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு கடைக்காரர் எழுதியதைப் படித்தபோது என் தட்டு நினைவுக்கு வந்தது. நாள் முழுவதும், நடு இரவு தாண்டியும், ஒவ்வொன்றாகப் பகிர்ந்துகொண்டே இருந்தார். தன் கருத்து என்று அதிகம் எழுதவில்லை. எதிர்த்து வாக்களித்தவர்களைத் திட்டவேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து, 28ஆம் தேதி, லைப்சிக் அணிக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி மூன்று கோல் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. இணையத்தில் ராஷ்ஃபோர்டு தொடங்கிய மனுவில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. நவம்பர் முதல் வாரக் கடைசியில் பிரதமர் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். குளிர்காலத்துக்கு 17 கோடி பவுண்டு, அடுத்த ஆண்டு விடுமுறைத் திட்டத்துக்கு 22 கோடி. கூப்பனும் 4.25 ஆகும் என்றார்கள். இரண்டாவது பின்வாங்கல். அந்த வாரம்தான் நான் உணவு வங்கியில் பெயர் கொடுத்தேன்.

மான்செஸ்டரில் ஃபேர்ஷேர் தன் கிடங்கு ஒன்றுக்கு மெலனி மேனார்டு இல்லம் என்று பெயர் வைத்தது. விருது, பட்டம், அரண்மனை அழைப்பு எல்லாம் மகனுக்கு வந்தன. மாவு மூட்டையும் டப்பாக்களும் அடுக்கியிருக்கும் கட்டடம் தாயின் பெயரில் இருக்கிறது. எது பெரிது என்று கேட்டால் நான் கிடங்கைச் சொல்வேன்.

2021 ஜனவரியில் பள்ளிகள் மறுபடி மூடின. இந்த முறை பல இடங்களில் கூப்பனுக்குப் பதில் உணவுப் பெட்டி. ஒரு தாய் தனக்கு வந்ததைத் தரையில் பரப்பிப் படம் எடுத்துப் போட்டார். இரண்டு கேரட், இரண்டு உருளைக்கிழங்கு, இரண்டு வாழைப்பழம், மூன்று ஆப்பிள், சில சீஸ் துண்டுகள், ஒரு ரொட்டி, ஒரு டப்பா பீன்ஸ், கொஞ்சம் பாஸ்தா. ராஷ்ஃபோர்டு அதை எடுத்துப் பேசிய பிறகு மறுபடி கூப்பன் வந்தது. ஏழைக்குக் காசாகக் கொடுத்தால் வீணடித்துவிடுவான் என்ற பயம் அந்தப் பெட்டியில் இருந்தது. கேரட்டை எண்ணிப் போட்டவருக்கு அந்தப் பயத்தை மறைக்கத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு வழிகாட்டுவதாகச் சொல்லிக்கொண்டு விளையாட்டு வீரர்கள் பள்ளிகளுக்கு வந்து, கனவு காணுங்கள், கடுமையாக உழையுங்கள் என்று பேசிவிட்டுப் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ராஷ்ஃபோர்டும் இளையோருக்காக ஒரு புத்தகம் எழுதினார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் தொடங்கிய புத்தக மன்றம். தான் படிக்க ஆரம்பித்ததே பதினேழு வயதில்தான், சாப்பாட்டுக்கே இழுபறியான வீட்டில் புத்தகத்துக்கு ஒதுக்கக் காசு இல்லை என்றார். பிரிட்டனில் சொந்தமாக ஒரு புத்தகம்கூட இல்லாத பிள்ளைகள் 3,80,000 பேருக்கு மேல் என்று ஒரு கணக்கு அப்போது பேசப்பட்டது. ஒரு பதிப்பகத்தோடு சேர்ந்து 2021 கோடையில் முதல் புத்தகத்தின் 50,000 பிரதிகளை இலவசமாகக் கொடுத்தார். பள்ளிகளில் காலையுணவு கொடுக்கும் தொண்டு நிறுவனத்தின் மூலம் அவை போய்ச் சேர்ந்தன. காலைக் கஞ்சி போகிற வழியிலேயே கதைப் புத்தகமும் போகட்டும் என்று யோசித்தவர், அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்தப் புத்தகங்களில் ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் மகளின் தோழி ஒருத்தி, வேறு பள்ளியில் படிக்கிறவள், இரவல் கொடுத்திருந்தாள். அட்டையின் உள்பக்கம் அவள் பெயர். முதல் பக்கத்தில் மறுபடி பெயர், வீட்டு எண்ணோடு. கடைசிப் பக்கத்தில் இன்னொரு முறை. ஓரம் மடங்காமல் இருக்க அட்டைக்குப் பரிசுப்பொருள் சுற்றும் காகிதம் போட்டிருந்தாள். என் மகள் எந்தப் புத்தகத்தையும் குப்புறக் கவிழ்த்துப் போடுகிறவள். இதை மட்டும் மேசையிலேயே வைத்துப் படித்து, மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஜூலையில்தான் விதிங்டன் சுவர் சம்பவம். காப்சன் தெருவில், ஒரு காபிக்கடையின் பக்கச் சுவரில், அக்ஸே என்ற ஓவியர் ராஷ்ஃபோர்டின் முகத்தைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாக வரைந்திருந்தார். உன் போராட்டமே உன் நோக்கத்தில் பெரும்பங்கு வகிக்கும், அதில் பெருமை கொள் என்கிற பொருளில் தாய் சொன்ன வாசகமும் கூடவே இருந்தது. 2021 ஜூலை 11, வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். இங்கிலாந்து இத்தாலியோடு சமநிலை, பெனால்டி. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் பெனால்டிக்காகவே இறக்கப்பட்டவர் ராஷ்ஃபோர்டு. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அவரும் சாஞ்சோவும் சாக்காவும் தவறவிட்டார்கள், மூவரும் கறுப்பினத்தவர். அன்று இரவே வசை ஆரம்பித்துவிட்டது. விடிவதற்குள் அந்தச் சுவரில் யாரோ கிறுக்கியிருந்தார்கள். கிறுக்கலில் இருந்தது இனவெறி என்று கருதவில்லை எனப் போலீசார் பிறகு சொன்னார்கள். இணையத்தில் அந்த மூவருக்கும் வந்தவற்றைப் பற்றி அப்படி யாராலும் சொல்ல முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை நான் போனேன். கிறுக்கல் தெரியவில்லை. சுவர் முழுக்கத் தாள்கள். காகித இதயங்கள், பிள்ளைகளின் கோணல்மாணல் எழுத்து, கொடிகள், வரைந்து வண்ணம் தீட்டிய மூன்று ஆட்டக்காரர்கள். ஒட்டும் டேப் சுருளை யாரோ தரையில் விட்டுப் போயிருந்தார்கள். வருகிறவர்கள் கிழித்து ஒட்டிவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். "நீ கொடுத்த சாப்பாட்டுக்கு நன்றி" என்று ஒரு சின்னக் கையெழுத்து. பெயர் இல்லை. கூட்டத்தில் என் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தேன். கையில் மடித்த தாள், வானநீல நிறம், சிட்டியின் நிறம். என்னைக் கண்டதும் கொஞ்சம் கூச்சப்பட்டார். "பெனால்டி மோசம்தான்" என்றார். பிறகு எம்பி, எட்டிய வரைக்கும் உயரத்தில் ஒட்டினார். என்ன எழுதினார் என்று நான் படிக்கவில்லை. வேண்டுமென்றேதான் படிக்கவில்லை.

ராஷ்ஃபோர்டும் முந்தைய நாள் அதையே சொல்லியிருந்தார். என் ஆட்டத்தைப் பற்றி நாள் முழுக்கக் குறை சொல்லுங்கள், என் பெனால்டி நன்றாக இல்லை, அது உள்ளே போயிருக்க வேண்டும். ஆனால் நான் யார், எங்கிருந்து வந்தேன் என்பதற்கு ஒருநாளும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அரசியலில் காட்டிய நேரத்தை ஆட்டத்தில் காட்டியிருக்கலாம் என்று ஒரு எம்.பி. தனிக் குழுவில் எழுதி, வெளியே கசிந்ததும் வருத்தம் தெரிவித்தார். அதற்கு முன்பே, பசியைப் பற்றிப் பேசுகிறவர் வீடு வீடாக வாங்குகிறாரே என்று பத்திரிகையில் எழுதினார்கள். ஏழையாக இருந்தால் உனக்கு என்ன தெரியும் என்பார்கள், பணக்காரனானால் உனக்கு எதற்கு என்பார்கள். பேசுவதற்கு ஏற்ற வருமானம் எவ்வளவு என்று யாராவது எழுதி வைத்தால் நன்றாயிருக்கும்.

அதன் பிறகு அவர் ஆட்டம் ஏறி இறங்கியது. 2022-23 பருவத்தில் 30 கோல். அடுத்த பருவத்தில் சரிவு. பயிற்சிக்கு வராமல் போன கதை, அபராதம். 2025 பிப்ரவரியில் ஆஸ்டன் வில்லாவுக்கு, ஜூலையில் பார்சிலோனாவுக்கு என்று ஒப்பந்தக் கடனாகப் போனார். உணவு வங்கியில்கூட அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு, பெரும்பாலும் யுனைடெட் ரசிகர்கள். கோல் போடாதவனைத் திட்டுவது ரசிகனின் உரிமை, அதில் நான் தலையிட முடியாது. அவரை மகானாக்கவும் எனக்கு விருப்பமில்லை. இருபத்திரண்டு வயது ஆட்டக்காரர் ஒருவர் கடிதம் எழுதினால்தான் ஒரு பணக்கார நாட்டில் பிள்ளைகளுக்கு ஆறு வாரச் சாப்பாடு வரும் என்றால், அந்த நாட்டில்தான் கோளாறு. அதை முதலில் உணர்ந்தவரும் அவரே. அதனால்தான் இரண்டு கோடி திரட்டிய கையோடு நிற்காமல், இது என் வேலை இல்லை, உங்கள் வேலை என்று அரசைப் பார்த்து எழுதினார். கொடுக்கிறவராக நின்றிருந்தால் எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். கேட்கிறவராகப் போய் நின்றார். இதைச் சொல்லத்தான் எனக்கு ஐந்து வருடம் பிடித்தது.

செயற்குழுவின் முதல் கோரிக்கை மட்டும் அப்படியே கிடந்தது, அரசு உதவித்தொகை பெறும் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பள்ளிச் சாப்பாடு என்பது. 2025 ஜூனில், வேறு கட்சி ஆட்சியில், அந்த அறிவிப்பு வந்தது. 2026 செப்டம்பர் முதல் 7,400 பவுண்டுக் கோடு இல்லை. கூடுதலாக ஐந்து லட்சம் பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்கிறார்கள். சனிக்கிழமை உணவு வங்கியில் இதைப் பேசிக்கொண்டே கெட்டில் பைகளைக் கட்டினோம். அவற்றின் எண்ணிக்கை குறையவில்லை.

இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். ஐந்து லட்சம் பிள்ளைகள், சான்றிதழ் தொல்லை குறையும், அந்தக் கால்பந்துப் பையன் ஆரம்பித்து வைத்தது என்று விவரமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"முட்டை உண்டா, ஐயா?" என்றார்.